அண்ணி வெளியே வர மறுத்த மதியம்

அண்ணியின் செருப்புகள் இரண்டும் வாசலுக்கு வெளியே கிடந்தன. வீட்டுக்குள் நுழைகிறவர் கழற்றி வைப்பதுபோல ஒன்றையொன்று ஒட்டி, ஒழுங்காக. ஆனால் அது வீடு இல்லை. எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு யாரோ ஒரு குன்றின் உச்சியில் செம்மண் நிறக் கற்களை அடுக்கிக் கட்டிவிட்டுப் போன ஒரு கோபுரம். கூரை எப்போதோ விழுந்துவிட்டது. சுவர் மட்டும் இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. வாசல் என் இடுப்பளவுகூட இல்லை. நன்றாகக் குனிந்து, தோளைச் சாய்த்துத்தான் உள்ளே போக வேண்டும். அந்த ஓட்டைக்குள்ளிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"நான் வரல. நீங்க போங்க."

அண்ணன் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்துவிட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். கீழே பள்ளத்தாக்கில் எங்கள் கார் தீப்பெட்டிபோலத் தெரிந்தது. மெலிந்த ஓர் ஆறு, அதன் இரு கரையிலும் பச்சையாகக் கொஞ்சம் வயல், அதைத் தாண்டினால் மறுபடியும் செந்நிறக் கல்லும் வெயிலும்தான். அந்தக் காட்சியைவிட, அந்தக் கோடையைவிட, அண்ணியின் அந்த நான்கு சொற்களே இத்தனை வருடம் கழித்தும் எனக்குத் தெளிவாக நினைவிருக்கின்றன. எங்கள் குடும்பத்தின் கதை அங்கே திரும்பியது.

அது தொண்ணூற்றெட்டாம் வருடம். அதற்கு முந்தின ஆண்டுதான் நான் அமெரிக்கா வந்து, டெக்சாஸில் பிளானோ என்னும் ஊரில் அண்ணன் வீட்டு மாடி அறையில் தங்கியிருந்தேன். அண்ணன் அங்கே ஏழு வருடமாகக் கணினி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி திண்டுக்கல்லைச் சேர்ந்தவர். எங்களைப் போலவே கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணத்துக்கு முன்பு ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவர். வருடத்துக்கு ஒருமுறை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மலைக்கோட்டைக்கு மேலே கூட்டிப்போவது அவருடைய பொறுப்பு. அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அண்ணியின் குரல் வகுப்பறைக்குப் போய்விடும்; கை தன்னையறியாமல் சுண்ணக்கட்டி பிடிப்பதுபோல மடங்கும். "இந்த நாட்டுல எல்லாம் இருக்கு தம்பி, ஒரு கோட்டை மட்டும் இல்ல," என்பார்.

பிளானோவில் அண்ணன் வீடு டோல்வே என்னும் கட்டண நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் வண்டிகளின் இரைச்சல், சாத்தினால் ஏசியின் இரைச்சல். நடைபாதை இல்லாத தெரு. காலையில் எல்லா வீட்டு கராஜ் கதவுகளும் திறந்து, ஒவ்வொரு காராக வெளியே போய், கதவுகள் மூடிக்கொண்டபின், அந்தத் தெருவில் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதற்கு ஓர் அடையாளமும் இருக்காது. அண்ணியின் விசாவில் அவர் வேலை செய்யக் கூடாது. சம்பளம் வாங்காமல் எங்காவது பாடம் நடத்தலாம்தான். ஆனால் வீட்டில் ஒரே கார், அது அண்ணனோடு போய்விடும். நான் வந்து ஒரு பழைய கார் வாங்கியபோது, நான் வேலைக்குப் போகாத நாள்களில் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அண்ணி சிரித்தார். "போறதுக்கு ஒரு இடம் வேணும்ல தம்பி. சும்மா ரவுண்டு அடிச்சிட்டு இதே கராஜுக்குள்ளதான் வரணும்."

அண்ணன் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் நான் எழுதுகிற எல்லாமே பொய்யாகிவிடும். குரல் உயர்த்திப் பேசாதவர், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் தானே வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுகிறவர். அவருக்கு இருந்த நோய் காத்திருத்தல்தான். கிரீன் கார்டு வரட்டும் என்பார். இரண்டாவது குழந்தையைப் பற்றிப் பேச்சு வந்தால், கிரீன் கார்டு வரட்டும். அண்ணி பி.எட். படிக்கலாமா என்றால், அதுவும் அப்புறம். ஊருக்குப் போய் நான்கு வருடம் ஆகிறதே என்றால், வரட்டும், வந்ததும் மூன்று மாதம் போய் இருந்துவிட்டு வரலாம். அந்த வீட்டில் நாங்கள் சாப்பிட்டோம், தூங்கினோம், பிறந்தநாள் கொண்டாடினோம். ஆனால் உண்மையான வாழ்க்கை இன்னும் தொடங்கவில்லை, அது ஒரு தபாலில் வரப்போகிறது என்பதுபோலத்தான் இருந்தோம். நானும் அப்படியே. என்னைக் கூட்டிவந்த கம்பெனியை விட்டால் நாட்டை விட்டே போக வேண்டும். அதனால் அவர்கள் எந்த ஊருக்கு அனுப்பினாலும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் ஏப்ரலில், ஒரு சனிக்கிழமை காலை, திண்டுக்கல்லிலிருந்து அண்ணியின் அக்கா ஃபோன் செய்தார். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு, பெட்டியை எடுத்து வைக்கவே போய்விட்டார். அண்ணன்தான் தடுத்தார். அப்போதுதான் அவர்கள் இருவருடைய கிரீன் கார்டு விண்ணப்பம் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. அந்தக் கட்டத்தில் நாட்டை விட்டு வெளியே போக அனுமதிக் காகிதம் வேண்டும். அதற்கு எழுதிப் போட்டிருந்தார்கள், வரவில்லை. அது இல்லாமல் விமானம் ஏறினால் அண்ணி விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கணக்காகிவிடும், அண்ணனுக்குக் கார்டு கிடைத்து, அதன்பின் புதிதாகத் தொடங்கித்தான் அவரைக் கூப்பிட முடியும், அது வருடக்கணக்கில் போகும் என்றார் வக்கீல். அவசரம் என்று கேட்டுப் பார்த்ததும் பலிக்கவில்லை. "ஒரு மாசம் பொறுத்துக்கோ," என்றார் அண்ணன். அண்ணி பெட்டியை மூடினார். ஆனால் உள்ளே வைத்த சேலைகளைத் திரும்ப எடுக்கவில்லை. அந்தப் பெட்டி கட்டிலுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது.

ஒரு மாதம் இரண்டானது, மூன்றானது. அண்ணி அழவில்லை, சண்டை போடவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஃபோன் கார்டின் எண்களை அழுத்தி, அக்காவோடு பேசி, வைத்துவிட்டு, நேராகச் சமையலறைக்குப் போய்விடுவார். என்ன பேசினார் என்று கேட்டால், "அப்படியேதான் இருக்காங்க," என்பார். அண்ணனால் அதைத் தாங்க முடியவில்லை. விமானச் சீட்டைத் தவிர வேறு எதைக் கொடுக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் யாரோ நியூ மெக்ஸிகோவும் கொலராடோவும் சேரும் மூலையில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது, குன்றுகளின் மேல் அந்த மண்ணின் பூர்வகுடிகள் கட்டிய பழைய கற்கோட்டைகளும் ஊர்களும் இடிந்து கிடக்கின்றன என்று சொல்ல, அன்று மாலையே ஒரு வரைபடத்தோடு வந்துவிட்டார். "அமெரிக்காவுல கோட்டையே இல்லன்னு சொல்லுவியே. இருக்குடி. 'காஸில்', கோட்டைன்னே பேர் வச்சிருக்கான்." அண்ணி வரைபடத்தைப் பார்த்தார். "சரிங்க," என்றார். அந்தச் 'சரிங்க' எதற்கு வேண்டுமானாலும் சொல்லக்கூடியது.

இரண்டு நாள் ஓட்டினோம். டெக்சாஸ் முடியவே ஒரு நாள் பிடித்தது. ஐஸ்பாக்ஸில் தயிர்சாதம், புளியோதரை, மோட்டல் அறையில் வைக்க ரைஸ் குக்கர். பின்சீட்டில் அண்ணன் மகள், "ஆர் வி தேர் யெட்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவளுக்குத் தமிழ் புரியும், பேச மாட்டாள். அவள் பக்கத்தில் அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய வானத்தின் கீழே, அவ்வளவு நீண்ட சாலையில், அந்தக் காருக்குள் மட்டும் மூச்சு முட்டியது. அண்ணன் ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் இறங்கி அண்ணியிடம், "காப்பி வேணுமா, ஜூஸ் வேணுமா?" என்று கேட்டார். அண்ணி எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றார்.

போய்ச் சேர்ந்த அன்று பார்த்தது பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்ற ஒரு கோட்டை. பாறையின் வளைவையே அடித்தளமாக்கி அதன்மேல் எழுப்பிய சுவர்கள், உள்ளங்கை அகலத்துக்கு ஜன்னல்கள். அண்ணி அருகே போய்க் கல்லும் கல்லும் சேரும் இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். மறுநாள் காலை மண் சாலையில் குலுங்கிக்கொண்டு போய், ஒற்றையடிப் பாதையில் ஏறி, அந்தக் குன்றின் மேலிருந்த ஊருக்கு வந்தோம். ஊர் என்று சொல்ல இடுப்பளவு சுவர்கள் மட்டும். எது அறை, எது சந்து என்று நாமே யூகித்துக்கொள்ள வேண்டும். நடுவில் முழுதாக நின்றது அந்த ஒரு கோபுரம்தான். அகலத் தொப்பியும் பழுப்புச் சட்டையும் போட்ட ஒரு பெண்மணி அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிறவர். எங்களைப்போல வந்திருந்த நாலைந்து பேரைக் கூட்டிவைத்து விளக்கினார். பகைவருக்குப் பயந்து வாசலை இவ்வளவு சிறியதாக வைத்திருக்கலாம் என்றார். பிறகு மழை பொய்த்தது, சண்டை வந்தது, ஒரு தலைமுறைக்குள் ஊரே காலியானது என்றார். சுவரோரம் கிடந்த அரைக்கும் கல்லைக் காட்டினார். நடுவே குழிந்து தேய்ந்திருந்தது. தூக்கிப்போக முடியாததை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அதுவரை இரண்டு நாளாக யாரிடமும் எதுவும் கேட்காத அண்ணி, அப்போது ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார். எங்கே போகிறோம் என்று தெரிந்துதான் புறப்பட்டார்களா?

அந்தப் பெண்மணி கொஞ்சம் யோசித்தார். சிலருக்குத் தெரிந்திருக்கலாம், தெற்கே உறவினர் இருந்திருக்கலாம், ஆனால் முதலில் கிளம்பிய வீட்டாருக்குத் தெரிந்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன் என்றார். அண்ணி தலையசைத்தார். கூட்டம் கலைந்து அவர்கள் கீழே இறங்கத் தொடங்கியதும், கோபுரத்துக்குப் போனார், செருப்பைக் கழற்றினார், குனிந்து உள்ளே நுழைந்தார்.

"என்ன விளையாட்டு இது? வா, வெயில் ஏறுது. பாப்பாக்குப் பசிக்குதாம்," என்றார் அண்ணன்.

"பையில தயிர்சாதம் இருக்கு. குடுங்க."

அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் எங்கள் இருவரையும் பயமுறுத்தியது. அண்ணன் மண்டியிட்டு, தலையையும் ஒரு தோளையும் உள்ளே நுழைத்தார். வயிறு மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. "டாடி இஸ் ஸ்டக்!" என்று குழந்தை கைதட்டிச் சிரித்தாள். நான் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். சட்டையெல்லாம் செம்புழுதியோடு வெளியே வந்தார். குழந்தை மட்டும் அந்த வாசல் வழியாக ஓடி உள்ளே போனாள், வெளியே வந்தாள், மறுபடி உள்ளே போனாள். அவள் இந்த நாட்டில் பிறந்தவள். எங்கள் நான்கு பேரில் எந்த நாட்டுக்கும் போய்த் திரும்பிவரக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

"உள்ள வராதீங்க. அங்கயே உக்காந்து கேளுங்க," என்றார் அண்ணி.

அண்ணன் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். நான் விலகிப் போகப் பார்த்தேன். "தம்பியும் இருக்கட்டும்," என்றது உள்ளேயிருந்து.

"எனக்கு இங்க நல்லா இருக்கு. வாசல் எதுன்னு தெரியுது. வீட்டுல அதுகூடத் தெரியல."

"உன்னை யாரு பூட்டி வச்சா? சாவி உன் கையிலதான இருக்கு?"

"சாவி இருக்கு. போகத்தான் முடியல."

"நான் என்ன பண்ணட்டும்? வக்கீல் சொன்னது உனக்கும் தெரியும். இப்பப் போனா உன் அப்ளிகேஷன் போச்சு. நான் இங்க, நீ அங்க. எத்தன வருஷமோ."

"தெரியும். நீங்க சொன்னீங்க. எல்லாத்தையும் என்கிட்ட சொல்றீங்க. என்ன பண்ணலாம்னு என்னை ஒரு தடவ கேட்டிருக்கீங்களா?"

காற்று அடித்தது. உள்ளே அண்ணி எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. குரல் வட்டச் சுவரில் பட்டு எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது.

"அம்மாக்கு நெனவு தடுமாறுது. அக்காவ நான்னு நெனச்சுக்கிட்டு என் பேரச் சொல்லிக் கூப்பிடுறாங்களாம். 'எப்ப வந்த, பிள்ள எங்க'ன்னு கேக்குறாங்களாம். அக்கா மொதல்ல மறுத்துப் பாத்திருக்கா. அம்மா அழுதிருக்காங்க. இப்ப அவளே 'ஆமாம்மா, நான் வந்துட்டேன், பிள்ள தூங்குறா'ன்னு சொல்லிடறாளாம். தெனமும். நான் அங்க போயிட்டேன்னு அம்மா நம்பிக்கிட்டு இருக்காங்க. நான் இங்க ஃபிரிட்ஜத் தொடச்சுக்கிட்டு இருக்கேன்."

அண்ணன் தலையைத் திருப்பி அந்த வாசலைப் பார்த்தார். "இத ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா, ஒரு மாசம் பொறுத்துக்கோன்னு சொல்லுவீங்க."

அண்ணன் செம்மண் படிந்த தன் உள்ளங்கைகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே கடைசிக் கார் கிளம்பி, புழுதி வாலோடு பள்ளத்தாக்கைத் தாண்டிப் போனது. குழந்தை என் மடியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டாள். பிறகு அண்ணன், ஏதோ கனமான ஒன்றைக் கீழே இறக்கி வைப்பவர்போல மெதுவாகக் கேட்டார்.

"என்ன பண்ணலாம்? நீ சொல்லு."

"பாப்பாவக் கூட்டிட்டுப் போறேன். அம்மா இருக்கிற வரைக்கும் இருப்பேன். அப்புறம் என்னாகும்னு எனக்குத் தெரியாதுங்க. தெரியாதுங்கறதயும் சேத்துத்தான் சொல்றேன்."

"சரி," என்றார் அண்ணன். "சரி. டிக்கெட் போடறேன். வெளிய வா."

அண்ணி வெளியே வந்தபோது முழங்கை சிராய்த்திருந்தது, நெற்றியில் மண். முகம் அழுது வீங்கியிருந்தது. உள்ளே அவர் அழுதுகொண்டுதான் பேசினார் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, யாருக்கும் முன்னால் தானே பாதையில் இறங்கினார். மீதி இருந்த கோட்டைகளைப் பார்க்கவில்லை. அங்கிருந்து நேராக வீட்டுக்குத் திரும்பினோம். அடுத்த வாரமே அண்ணியும் குழந்தையும் டல்லாஸிலிருந்து விமானம் ஏறினார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற பெட்டியில் குழந்தையின் துணிகளை மட்டும் சேர்த்தால் போதுமாக இருந்தது.

அண்ணி போய்ச் சேர்ந்தபோது அவருடைய அம்மாவுக்கு உணர்வு இருந்தது. ஆனால் மகள் புதிதாக வந்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியவே இல்லை. எப்போதும் கூடவே இருந்தவள்தானே என்பதுபோல், "தண்ணி குடு," என்றாராம். அண்ணி இதை ஃபோனில் சொல்லிச் சிரித்தார், அதற்குமேல் பேச முடியாமல் வைத்துவிட்டார். மறு வருடம் தவக்காலத்தில் அந்த அம்மா இறந்தார். கடைசிவரை அண்ணிதான் பார்த்துக்கொண்டார்.

சாவுக்கு அண்ணனால் போக முடியவில்லை. வெளியே போய்வரும் அனுமதிகள் இருவர் பெயருக்கும் அண்ணி கிளம்பிய பிறகு வந்திருந்தன. அண்ணியினுடையது செல்லாக்காசு. அண்ணனுடையது செல்லும், ஆனால் விடுப்பு இல்லை. இரண்டாயிரம் பிறக்கும்போது கணினிகளுக்குத் தேதி குழம்பிவிடும் என்று உலகமே பயந்திருந்த காலம். அதைச் சரிசெய்வதுதான் அண்ணனின் வேலை. வருடம் பிறக்கும்வரை யாரும் ஊர்ப்பக்கம் போகக் கூடாது என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். மீறினால் வேலை போகும், வேலை போனால் விண்ணப்பமும் போகும். கோவிலில் ஒரு பூசைக்குச் சொல்லி வைத்துவிட்டு, முன்வரிசையில் அண்ணன் தனியாக முழந்தாளிட்டிருந்தார். பாதிரியார் அந்த அம்மாவின் தமிழ்ப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். அந்த வருடம் முழுக்க அதே வீட்டில் நாங்கள் இரண்டு ஆண்கள் இருந்தோம். ஏசியின் இரைச்சல் அவ்வளவு பெரியது என்று அண்ணன் அப்போதுதான் கவனித்தார். "எப்படிடா இதுக்குள்ள பகல் பூரா இருந்தா?" என்று ஒருநாள் கேட்டார். என்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

வருடம் பிறந்தது. கணினிகள் ஒன்றும் ஆகாமல் ஓடின. அண்ணன் மார்ச்சில் திண்டுக்கல் போனார். அண்ணி தன் பழைய பள்ளியிலேயே சேர்ந்திருந்தார். வாசலுக்கு ஓடிவந்த மகள், "அப்பா, வாங்க. எவ்வளவு நேரமாக் காத்துக்கிட்டு இருக்கேன் தெரியுமா?" என்று அச்சு அசல் திண்டுக்கல் தமிழில் கேட்டதும் அண்ணன் பையைக் கீழே போட்டுவிட்டாராம். கார்டு வந்ததும் அழைத்துக்கொள்ளலாம் என்று மனதில் திட்டம் எல்லாம் இருந்தது. ஆனால் சொல்லவில்லை. கேட்டார். வர்றியா, இல்ல நான் இங்க வந்துடட்டுமா? அண்ணனின் விடுப்பு முடிகிற நாள்வரை அண்ணி பதில் சொல்லவில்லை. கிளம்பும்போது சொன்னார். "வர்றேன். ஆனா அடுத்த வருஷம் பத்தாம் வகுப்புக்கு நான்தான் கிளாஸ் டீச்சர். அதுங்க பரீட்சை எழுதி முடிக்கணும். அதுக்கு முன்னாடி எந்தக் கார்டு வந்தாலும் வரமாட்டேன்."

அந்த வருடக் கடைசியில் அண்ணனுக்குக் கிரீன் கார்டு வந்தது. கொண்டாட வீட்டில் ஆள் இல்லை. இருவரும் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டோம். வக்கீல் பயமுறுத்தியதற்கு மாறாக, அண்ணிக்கான விசா சில மாதங்களிலேயே ஆகிவிடும் என்று தெரிந்தது. திண்டுக்கல் பிள்ளைகள் பரீட்சை எழுதி முடிக்க அண்ணன் காத்திருந்தார். கணக்குப் பரீட்சை கடினமாமே என்று என்னிடம் கவலையோடு கேட்டார்.

இரண்டாயிரத்தொன்று ஜூனில், நல்ல வெயிலில், அண்ணியும் மகளும் டல்லாஸில் வந்து இறங்கினார்கள். மூன்று வருடத்தில் குழந்தை அண்ணியின் தோளுக்கு வந்திருந்தாள். அண்ணி கொஞ்சம் கறுத்து, கொஞ்சம் மெலிந்து, பார்வையில் ஓர் ஆசிரியையின் நிதானத்தோடு இருந்தார். அண்ணனும் அவரும் புதிதாகப் பெண் பார்க்க வந்தவர்கள்போலக் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றார்கள். பெட்டிகளைக் காரில் ஏற்றியதும், என்ன பேசுவது என்று தெரியாமல் அண்ணன் சொன்னார். "ஹால்ல ஒரு சோபா போடணும். நீ வந்து பாத்து வாங்கலாம்னு விட்டுட்டேன்." அண்ணி ஒரு நிமிடம் அவரைப் பார்த்தார். "கடை தொறந்திருக்குமா? இப்பவே போலாமே."

இருபத்தைந்து மணி நேரப் பயணக் களைப்போடு நேராக சோபா கடைக்குப் போனோம். அண்ணி ஒவ்வொன்றாக உட்கார்ந்து, அழுத்தி, துணியைத் தடவிப் பார்த்தார். கடைசியில் அடர்பச்சையில் ஒன்று பிடித்திருந்தது. விலையைக் கேட்கத் திரும்பினால், குழந்தை அதன்மேல் ஏறிப் படுத்து, ஷூவோடு தூங்கிப்போயிருந்தாள். கடைக்காரப் பையன் ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு வந்தான். அண்ணன் தன்னை மறந்து அவனிடம் தமிழில், "கொஞ்ச நேரம் தூங்கட்டும் தம்பி," என்றார். அவனுக்கு எப்படிப் புரிந்ததோ, தலையசைத்துவிட்டுப் போனான். அண்ணி சோபாவின் ஒரு நுனியில் உட்கார்ந்தார். நகர்ந்து இடம்விட்டு, பக்கத்தைத் தட்டி, "நீங்களும் உக்காருங்க," என்றார்.